50 கிலோமீட்டர்ல இருந்து 200க்கு போக முடியுமா?

கேள்வி: ஞாயித்துக்கிழமைல திருவான்மியூர்ல இருந்து கோவளம் வரைக்கும் சைக்கிள்ல போய்ட்டு வருவேன், சுமார் 50 கிலோமீட்டர். சைக்கிள் கிளப்ல பலபேர் 200 கிலோமீட்டர் பிரெவே (குறிச்ச நேரத்துக்குள்ள முடிக்கவேண்டிய லாங் ரைடு) ஓட்றாங்க. எனக்கு வயசு 43, முடியுமா?
- வாசகர், சென்னை

பதில்: தாராளமா முடியும்ங்க, ஆனா அடுத்த மாசமே வேணாம். 200க்கு பதிமூன்றரை மணி நேரம் டைம் குடுக்குறாங்க, சாப்பாடு டீ பஞ்சர் எல்லாம் சேர்த்தே மணிக்கு 15 கிலோமீட்டர் வந்தா போதும், இது ரேஸே இல்ல, அதனால வேகத்த மறந்துட்டு சீட்ல உக்கார்ற நேரத்த கூட்டுங்க. வாரம் ஒரு லாங் ரைடு, மூணு வாரம் கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க, நாலாவது வாரம் குறைச்சுடுங்க. மாமல்லபுரம் போய்ட்டு வந்தா 100 கிட்ட வரும், அது அலுப்பில்லாம முடிஞ்சா அப்புறம் 150.

பாதில சுருண்டு போறவங்க பெரும்பாலும் கால் வலியால இல்ல, சாப்பிடாததால தான். பசி வந்தப்புறம் சாப்பிட்டா லேட்டு. அரைமணிக்கு ஒருதடவை வாழைப்பழமோ கடலை மிட்டாயோ உள்ள போகணும், தண்ணில ஒரு சிட்டிகை உப்பு, நம்ம ஊர் வேர்வைக்கு வெறும் தண்ணி பத்தாது.

கிளப்ல முதல்ல ஸ்லோ குரூப்போட போங்க, வெக்கப்படாதீங்க. முன்னாடி போறவர் பின்சக்கரத்துக்கு பக்கவாட்டுல உங்க முன்சக்கரத்த நுழைக்கவே கூடாது, அவர் லேசா ஒடிச்சா விழறது நீங்கதான். முட்டியோட முன்பக்கம் வலிச்சா சீட் உயரம் கம்மியான்னு பாருங்க, பெடல் அடில இருக்கப்ப முட்டி லேசா மடங்கி இருந்தா சரி.