புது ஆல்டர்நேட்டர் போட்டும் 15.8 வோல்ட்: முதலில் ஒயரைப் பாருங்கள்

நண்பரே, எஞ்சின் ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்நேட்டரை மாற்றிய பிறகும் பேட்டரியில் அளவுக்கு மீறி 15.8 வோல்ட் காட்டுகிறது, பேட்டரியில் தண்ணீர் குறைந்துகொண்டே போகிறது என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து இன்னொன்று வாங்கிவிடாதீர்கள். சார்ஜ் வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் தனியாக பாடியில் திருகியிருக்கும் பழைய பிக்கப் என்பதால் என் சந்தேகம் ஒயரிங் மேல்தான்.

ரெகுலேட்டர் ஒரு மெல்லிய சென்ஸ் ஒயர் வழியாகத்தான் பேட்டரியின் வோல்ட்டேஜை அறிகிறது. அந்த வழியில் எங்காவது ஜாயிண்டில் பச்சை பூத்து (அரித்து) ஒரு வோல்ட் விழுந்தால், பேட்டரி இறங்கிவிட்டது என்று எண்ணி ஆல்டர்நேட்டரை இன்னும் விரட்டும். எஞ்சின் ஓடும்போது மீட்டரின் ஒரு முனையை பேட்டரி பாசிட்டிவிலும் மறுமுனையை ரெகுலேட்டரின் சென்ஸ் பின்னிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் வந்தால் ஃபியூஸ், இக்னிஷன் சுவிட்ச், இடையிலுள்ள ஜாயிண்ட் என ஒவ்வொன்றாகப் பின்தொடருங்கள். பேட்டரி நெகட்டிவுக்கும் ரெகுலேட்டர் உடம்புக்கும் இடையிலும் இதேபோல் அளக்க வேண்டும். துருவும் பெயிண்டும் எர்த்தைக் கெடுப்பது இந்த வயது வண்டிகளில் சகஜம். திருகைக் கழற்றி, உலோகம் பளிச்சிடும்வரை தேய்த்துப் பூட்டுங்கள்.

இரண்டும் சரியென்றால், எஞ்சினை அணைத்து ரெகுலேட்டர் கனெக்டரை உருவிவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். பேட்டரி வோல்ட்டேஜ் 12.5 பக்கம் இறங்கினால் ரெகுலேட்டர்தான் போயிருக்கிறது. இறங்காவிட்டால் ஃபீல்டு ஒயர் (ரெகுலேட்டரிலிருந்து ஆல்டர்நேட்டர் சுருளுக்குப் போகும் ஒயர்) எங்கோ ஷார்ட்.

ஓடும் எஞ்சினில் பேட்டரி கேபிளை மட்டும் கழற்றாதீர்கள், வோல்ட்டேஜ் எகிறி ஆல்டர்நேட்டருக்குள் இருக்கும் டயோடு போய்விடும். அழுகிய முட்டை வாடை வந்தால் உடனே எஞ்சினை அணையுங்கள், பக்கத்தில் பொறியோ நெருப்போ கூடாது. அளந்த எண்களை இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.