குற்றவாளிக்கு எதற்கு அரசுச் செலவில் வக்கீல்?

கேள்வி: குற்றம் சாட்டி வழக்கு நடத்துவதும் அரசு, காசில்லாத குற்றவாளிக்கு வக்கீல் வைத்துக் கொடுப்பதும் அரசு. ஒரே கஜானாவிலிருந்து இரண்டு பேருக்கும் பணம் கொடுத்து மோதவிடுவது வரிப்பணத்தை வீணடிப்பது ஆகாதா? அரசு வழக்கறிஞர் தோற்றுப்போனால் அவரையாவது தட்டிக்கேட்க வேண்டாமா?

பதில்: உங்கள் கேள்வியில் ஒரு சொல்லைத் திருத்திவிட்டுத்தான் என்னால் பதில் சொல்ல முடியும். 'குற்றவாளிக்கு வக்கீல்' என்கிறீர்கள். அவர் குற்றவாளி என்று யார் சொன்னது? போலீஸ் பிடித்திருக்கிறது, குற்றப்பத்திரிகை தாக்கலாகியிருக்கிறது, நாளிதழில் படம் வந்திருக்கிறது. இவ்வளவும் நடந்த பிறகும் அவர் குற்றம் சாட்டப்பட்டவர்தான். செய்தாரா இல்லையா என்று பார்க்கத்தானே நீதிமன்றம் கூடுகிறது?

ஒரு வழக்கைச் சொல்கிறேன். அமெரிக்காவின் புளோரிடா மாநிலம், பனாமா சிட்டி, 1961. ஒரு பில்லியர்ட்ஸ் கூடத்தை உடைத்துப் புகுந்து திருடியதாக கிளாரன்ஸ் ஏர்ல் கிடியன் என்பவரைப் பிடித்தார்கள். கையில் காசில்லாதவர், முன்பே பலமுறை சிறை சென்றவர். 'இவன்தான் செய்திருப்பான்' என்று ஊரே சொல்லிவிடக்கூடிய ஆள். தனக்கு ஒரு வக்கீல் வேண்டும் என்று நீதிபதியிடம் கேட்டார். மரண தண்டனை விதிக்கக்கூடிய வழக்குகளில் மட்டுமே இந்த மாநிலச் சட்டத்தில் அதற்கு இடமுண்டு என்று நீதிபதி மறுத்துவிட்டார். கிடியன் தானே வாதாடினார். சாட்சிகளைக் கேள்வி கேட்டார், ஜூரிகளிடம் பேசினார். ஐந்தாண்டுச் சிறை கிடைத்தது.

சிறைக்குள் உட்கார்ந்து பென்சிலால் மனு எழுதி உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பினார். 1963 மார்ச்சில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அவர் பக்கம் நின்றார்கள். கடுங்குற்றம் சாட்டப்பட்டவருக்கு வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் அரசு வைத்துத் தர வேண்டும் என்பது தீர்ப்பு. அந்த ஆகஸ்டில் மறுவிசாரணை. அதே நீதிபதி, அதே முக்கிய சாட்சி. இந்த முறை கிடியனுக்குப் பக்கத்தில் டர்னர் என்ற வக்கீல் இருந்தார்.

திருட்டு நடந்த அன்று விடியற்காலையில் கிடியனை ஏற்றிச் சென்ற டாக்ஸி ஓட்டுநர் கூண்டில் ஏறினார். 'எங்கே இறக்கிவிட்டாய் என்று யாராவது கேட்டால் தெரியாது என்று சொல்லிவிடு' என்று கிடியன் தன்னிடம் சொன்னதாகச் சாட்சியளித்தார். கேட்டவுடன் உங்களுக்கும் எனக்கும் என்ன தோன்றும்? திருடியவன் பேசுகிற பேச்சு என்றுதான். டர்னர் எழுந்து, இதற்கு முன்பும் அவர் இப்படிச் சொன்னதுண்டா என்று கேட்டார். உண்டு, ஏற்றிச் செல்லும்போதெல்லாம் சொல்வார் என்றார் ஓட்டுநர். ஏன்? மனைவியோடு ஏதோ தகராறு என்று அறிந்ததாகச் சொன்னார். முடிந்தது. கிடியனைக் கூடத்துக்குள் பார்த்தேன் என்ற முக்கிய சாட்சியே திருட்டுக்குக் காவல் நின்றிருக்கலாம் என்ற சந்தேகத்தையும் டர்னர் கிளப்பினார். ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் ஜூரிகள் விடுதலை என்றார்கள்.

அந்த ஒரு கேள்வியைக் கேட்கத் தெரிந்த ஆளுக்குத்தான் அரசு பணம் கொடுக்கிறது. அது வீண் என்றால், ஐந்து ஆண்டு அவரை உள்ளே வைத்துச் சோறு போடுவது எந்தக் கணக்கில் சேரும்? குற்றத்தை உண்மையிலேயே செய்தவருக்கும் வக்கீல் வேண்டும். செய்ததற்கு மேல் ஒரு சட்டப் பிரிவும் சேர்த்துவிடாமல், மிரட்டி வாங்கிய வாக்குமூலத்தை வைத்து முடித்துவிடாமல் பார்ப்பதற்கு வேறு யாரும் இல்லை.

இனி அரசு வழக்கறிஞர். அவரைப் புகார் கொடுத்தவரின் வக்கீலாகவோ போலீஸின் வக்கீலாகவோ நினைத்துக்கொள்கிறோம். அங்கேதான் தவறு தொடங்குகிறது. அவருக்குக் கட்சிக்காரர் என்று தனி ஆள் கிடையாது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1935இல் பெர்கர் வழக்கில் இதைத் தெளிவாகச் சொன்னது: வழக்கில் ஜெயிப்பது அரசின் அக்கறை அன்று, நீதி நடப்பதே அதன் அக்கறை, அரசு வழக்கறிஞர் ஓங்கி அடிக்கலாம், முறைகேடாக அடிக்கக் கூடாது. 1990இல் ஹவானாவில் கூடிய ஐ.நா. மாநாடு ஏற்றுக்கொண்ட நெறிமுறைகளும், பாரபட்சமற்ற விசாரணையில் குற்றச்சாட்டுக்கு ஆதாரமில்லை என்று தெரிந்தால் வழக்கை மேலே கொண்டுபோகக் கூடாது என்கின்றன.

தோற்றால் தட்டிக்கேட்க வேண்டும் என்கிறீர்களே, அப்படியொரு கணக்கு வைத்தால் என்ன ஆகும் தெரியுமா? அவருடைய மேஜை இழுப்பறையில் ஒரு காகிதம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கொன்றது நான்தான் என்று கூட்டாளி கொடுத்த வாக்குமூலம். அதை எதிர்த்தரப்பிடம் கொடுத்தால் வழக்கு பலவீனமாகும். கொடுக்காவிட்டால் பதவி உயர்வு. இது கற்பனை அல்ல. அமெரிக்காவின் பிரேடி வழக்கில் அப்படிப்பட்ட வாக்குமூலம்தான் மறைக்கப்பட்டது. குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமான முக்கிய ஆதாரத்தை அவர் கேட்டும் மறைப்பது, நல்லெண்ணத்தில் செய்தாலும் சரி, கெட்ட எண்ணத்தில் செய்தாலும் சரி, நியாயமான விசாரணையைக் கெடுத்துவிடும் என்று 1963இல் தீர்ப்பானது. வெற்றிக் கணக்குப் பார்க்கிற அரசு வழக்கறிஞரிடம் அந்தக் காகிதம் வெளியே வருமா? வழக்குக் கட்டைப் பிரித்துக்கூடப் படிக்காமல் நீதிமன்றத்துக்கு வருகிற அரசு வழக்கறிஞரைத் தட்டிக்கேளுங்கள், நானும் கூட வருகிறேன். ஆதாரம் போதவில்லை என்று ஒப்புக்கொண்டு நிற்பவரை விட்டுவிடுங்கள்.

உங்கள் வரிப்பணத்தைப் பற்றி எனக்கும் ஒரு மனக்குறை உண்டு. அது வேறு பக்கம். சட்ட உதவிக்கு அரசுகள் கொடுப்பது அதிகம் என்பதல்ல, கொடுப்பது போதவில்லை என்பதே என் குறை. அரசுத் தரப்புக்குப் பின்னால் காவல் துறை இருக்கிறது, தடயவியல் ஆய்வுக்கூடம் இருக்கிறது. எதிரே நிற்கும் சட்ட உதவி வக்கீலின் கையில் பெரும்பாலும் அன்று காலையில் கிடைத்த வழக்குக் கட்டு ஒன்று மட்டும்தான். அமெரிக்க மத்திய நீதிமன்றங்களில் தண்டனை பெறுவோரில் 97 சதவீதத்தினரும், மாநில நீதிமன்றங்களில் 94 சதவீதத்தினரும் விசாரணைக்குப் போகாமல் குற்றத்தை ஒப்புக்கொண்டவர்கள் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றமே 2012இல் ஒரு தீர்ப்பில் குறிப்பிட்டது. 'ஒப்புக்கொண்டால் இன்றே வீட்டுக்குப் போகலாம்; மறுத்தால் விசாரணை முடியும்வரை உள்ளே' என்று நீதிமன்ற நடைபாதையில் நின்றபடி அந்த வக்கீல் ஐந்து நிமிடத்தில் கேட்டால், செய்யாதவரும் கையெழுத்துப் போட்டுவிடுவார்.

வக்கீலே இல்லாவிட்டால் இன்னும் மோசம். 1979இல் ஹுசைனாரா கத்தூன் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றத்தின் முன் பீகார் சிறைகளின் கதை வந்தது. சாட்டப்பட்ட குற்றம் நிரூபணமானால் எவ்வளவு காலம் சிறையில் இருக்க வேண்டுமோ, அதைவிட அதிக காலம் விசாரணைக் கைதிகளாகவே கிடந்தவர்கள் அங்கே இருந்தார்கள். அவர்களுக்கு ஜாமீன் கேட்டு ஒரு மனுப் போட ஆள் இல்லை.