ஏர் ஜோர்டான் 1: நிறங்களும் மறுவெளியீடுகளும் – கேள்வி பதில்

கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டான் பேரில் நைக்கி 1985இல் விற்ற ஏர் ஜோர்டான் 1 ஷூ பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் முக்கால்வாசி ஒரே சந்தேகம்தான்: பேர் ஒன்றாக இருக்கிறது, ஷூ ஏன் வேறு மாதிரி இருக்கிறது? அதனால் முடிந்தவரை நிறத்தின் பேரோடு வருடத்தையும் சேர்த்தே சொல்கிறேன். நீங்களும் அப்படியே பேசிப் பழகுங்கள், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

கேள்வி: அண்ணா, நான் இதற்குப் புதுசு. சிகாகோ, பிரெட், பிளாக் டோ என்ற நிறங்கள் மூன்றுமே சிவப்பு, கருப்பு, வெள்ளைதானே? எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

பதில்: ஷூவின் முன்பக்கத்தை மட்டும் பாருங்கள் தம்பி. விரல்களைச் சுற்றி வளைந்து வரும் ஒரு தோல் துண்டு இருக்கும்; அதற்குள்ளே, மேல்பக்கம், காற்றுக்காகப் பொடி ஓட்டைகள் போட்ட பகுதி இருக்கும். சுற்றுத் துண்டு சிவப்பு, ஓட்டைப் பகுதி வெள்ளை என்றால் சிகாகோ. சுற்றுத் துண்டு கருப்பு, ஓட்டைப் பகுதி வெள்ளை என்றால் பிளாக் டோ. மேல்தோலில் வெள்ளையே இல்லாமல் கருப்பும் சிவப்பும் மட்டும் இருந்தால் பிரெட். அதில் வெள்ளையைப் பார்க்க மேல்தோலுக்கு அடியில் ஓடும் மிட்சோல் என்ற பட்டைக்குத்தான் போக வேண்டும். 2018இல் பிரெட் டோ என்று ஒன்று வந்தது. அது பிரெட்டையும் பிளாக் டோவையும் கலந்து புதிதாகச் செய்தது, 1985இல் அப்படி ஒரு நிறம் கிடையாது.

கேள்வி: பிரெட் ஷூவை என்.பி.ஏ. (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) தடை செய்தது என்கிறார்களே, உண்மையா?

பதில்: தடை உண்மை. தடைபட்ட ஷூ எது என்பதில்தான் சிக்கல். அணியில் எல்லோருடைய ஷூவும் ஒத்துப்போக வேண்டும், வெள்ளை தூக்கலாக இருக்க வேண்டும் என்பது அன்றைய விதி. கருப்பும் சிவப்புமான நைக்கி ஷூவை மைக்கேல் ஜோர்டான் அணியக் கூடாது என்பதை உறுதி செய்து 1985 பிப்ரவரி 25 தேதியிட்டு லீக் எழுதிய கடிதம் இருக்கிறது. ஆனால் அந்தக் கடிதம் குறிப்பிடுவது 1984 அக்டோபரில் நடந்ததை. அப்போது அவர் காலில் இருந்தது நைக்கி ஏர் ஷிப் என்ற வேறு மாடல் என்பதுதான் பழைய படங்களைத் தோண்டிப் பார்த்தவர்கள் பெரும்பாலும் ஏற்கும் முடிவு. நைக்கி அந்தத் தடையையே விளம்பரமாக்கி ஏர் ஜோர்டான் 1-ஐ விற்றது. பிரெட் 1-ஐ அவர் போட்டது நிச்சயமாகத் தெரிய வேண்டுமானால் 1985 டங்க் போட்டிப் (தாவிப் பந்தை வளையத்துக்குள் அடித்துப் போடும் போட்டி) படங்களைப் பாருங்கள், கழுத்தில் சங்கிலியோடு இருப்பார்.

கேள்வி: முதல் ரீட்ரோ, அதாவது மறுவெளியீடு, எப்போது வந்தது? உடனே விற்றுத் தீர்ந்ததா?

பதில்: 1994. சிகாகோவும் பிரெட்டும் வந்தன, இரண்டும் தேங்கிப்போய்த் தள்ளுபடிக்குப் போயின. ஜோர்டான் அப்போது கூடைப்பந்தை விட்டுவிட்டு பேஸ்பால் ஆடிக்கொண்டிருந்தார். பழைய ஷூவைப் புது விலைக்கு வாங்கும் பழக்கமும் யாருக்கும் வரவில்லை. இன்று அந்த 1994 ஜோடிகளைத் தேடி அலைகிறார்கள்.

கேள்வி: 2015 சிகாகோவா, 2022 சிகாகோவா? இரண்டில் எது அசலுக்கு நெருக்கம், சார்?

பதில்: எனக்குப் பிடித்த கேள்வி. 2015 ஜோடி புது ஷூவாகவே வந்தது: வெள்ளை மிட்சோல், சுத்தமான தோல், லேஸுக்கு அடியில் இருக்கும் நாக்கில் 'நைக்கி ஏர்'. 1985இல் கடையில் எடுத்துப் பார்த்தவனுக்குத் தெரிந்த ஷூவைத் திருப்பிக் கொடுக்கும் முயற்சி அது. 2022இல் வந்த 'லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்' வேறு ஒன்றைச் செய்தது. முப்பது நாற்பது வருடம் ஏதோ ஒரு கடையின் பின்னறையில் கிடந்த ஜோடி போலத் தயாரித்தார்கள். கணுக்காலைச் சுற்றிய கருப்புத் தோலில் வெடிப்பு, லேசாகப் பழுத்த மிட்சோல், பெட்டிக்குப் பொருந்தாத மூடி, உள்ளே பழைய பாணியில் ஒரு ரசீது.

உள் லேபிளில் இருக்கும் எண்ணையும் பாருங்கள். 2015க்கு 555088-101, 2022க்கு டிஇசட்5485-612. நைக்கியின் கடைசி மூன்று எண்களில் முதல் எண் முதன்மை நிறத்தைச் சொல்லும்: 0 என்றால் கருப்பு அல்லது சாம்பல், 1 வெள்ளை, 4 நீலம், 6 சிவப்பு. அதாவது ஒரே சிகாகோவை 2015இல் வெள்ளை ஷூவாகவும் 2022இல் சிவப்பு ஷூவாகவும் கணக்கு வைத்திருக்கிறார்கள். இரண்டு ஜோடியின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருக்கலாம், அவ்வளவு இருக்கிறது அதில். என் தேர்வு 2015தான். பழமை என்பது போட்டுப் போட்டு வர வேண்டும்; தொழிற்சாலையில் பூசிக் கொடுத்த வெடிப்பில் எனக்கு மனம் ஒட்டவில்லை. ஆனால் 2022 ஜோடியின் வேலைப்பாட்டைக் குறை சொல்ல மாட்டேன்.

கேள்வி: பிரெட்டில் எந்த வருடம் வாங்கலாம்?

பதில்: 2011 ஜோடியின் குதிகாலில் 'எக்ஸ்' குறி இருக்கும், தடைக் கதைக்காக. அது பிடிக்கும் என்றால் சரி. 2013, 2016 இரண்டும் குறி இல்லாத, நேரான பிரெட். 2021இல் வந்தது முழுக்கப் பளபளக்கும் பேட்டன்ட் லெதர். படத்தில் அழகாக இருக்கும், நடந்தால் முன்பக்க மடிப்பு அப்படியே தெரியும். 2025இல் வந்தது 1985 ஷூவின் வடிவத்தைப் பின்பற்றியது. அணிவதற்கு என்றால் 2016 போதும்.

கேள்வி: ஷாட்டர்ட் பேக்போர்ட் 1985 நிறமா?

பதில்: இல்லை, 2015இல் வந்தது. கதை மட்டும் 1985உடையது. இத்தாலியின் திரியெஸ்தே நகரத்தில் நடந்த காட்சிப் போட்டியில் ஜோர்டான் டங்க் செய்து, வளையத்துக்குப் பின்னால் இருக்கும் பலகைக் கண்ணாடியை உடைத்தார். அன்று அவர் போட்டிருந்த ஆரஞ்சு ஜெர்சியிலிருந்து எடுத்த நிறம்.

கேள்வி: கழுத்து உயரமான ஹை எது, அதைவிடச் சற்றுக் குட்டையான மிட் எது என்று படத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: லேஸ் ஓட்டைகளை எண்ணுங்கள். ஒரு பக்கம் 9 இருந்தால் ஹை, 8 இருந்தால் மிட். மிட்டின் நாக்கில் 'நைக்கி ஏர்'க்குப் பதில் ஜம்ப்மேன் (தாவும் ஜோர்டானின் உருவச் சின்னம்) இருக்கும்.

கேள்வி: பழைய ஜோர்டான் பெட்டியிலேயே பொடிப்பொடியாக உதிரும் என்கிறார்கள். பயந்து 1985 ஜோடியை வாங்காமல் இருக்கிறேன்.

பதில்: அந்தப் பயம் ஜோர்டான் 3, 4, 5 போன்றவற்றுக்குப் பொருந்தும். அவற்றின் மிட்சோல் பாலியூரித்தேன் என்ற நுரைப் பொருள். ஈரப்பதம் பட்டுப் பட்டு அது உள்ளுக்குள்ளேயே சிதையும், ஒரு நாள்கூடப் போடாத ஜோடியும் தப்பாது. ஜோர்டான் 1-க்கு அடியில் ரப்பர் கிண்ணம் போல ஒரே துண்டாக வரும், அது தாங்கும். 1998 மார்ச் 8 அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் ஜோர்டானே தன் 1985 ஜோடியைப் போட்டு ஆடி 42 புள்ளி எடுத்தார். ஷூ பிழைத்தது, அவர் காலில்தான் ரத்தம் வந்தது. எனவே வாங்குவதற்கு முன் அடிப்பகுதியைவிடத் தோலைக் கவனியுங்கள். கணுக்காலைச் சுற்றிய கழுத்துப் பகுதியை விரலால் மெல்ல வளைத்துப் பாருங்கள். காய்ந்து மேற்பூச்சு செதில் செதிலாகக் கிளம்பினால் அது அலமாரிக்கான ஜோடி, காலுக்கு அல்ல.