பழைய ட்ராக்டரில் 'டொக் டொக்': பிரிக்கும் முன் எண்ணிப் பாருங்கள்

கேள்வி: என்னிடம் ஒரு மாஸி பெர்குசன் 35 இருக்கிறது. மூன்று வருடம் ஷெட்டில் நின்றதை இப்போதுதான் எடுத்து ஓட்டுகிறேன். வண்டி நகரும்போது சீட்டுக்கு அடியிலிருந்து 'டொக் டொக்' என்று ஒரே சீராகச் சத்தம், கூடவே லேசான ஊளை. கியர் பாக்ஸ் போய்விட்டது, வண்டியை இரண்டாகப் பிரிக்கணும் என்கிறார் ஒரு மெக்கானிக். கெட்டியான ஆயிலை ஊற்றினால் அடங்கிவிடும் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இப்போதைக்கு இரண்டு பேர் சொல்வதையும் தள்ளி வையுங்கள். சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதைக் காது மட்டும் வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. முழு வண்டியும் ஒரே வார்ப்பிரும்பு உடம்பு. பின்னால் தட்டினால் முன்னாலும் கேட்கும். அதனால் 'எங்கே' என்பதை விட்டுவிட்டு, 'எது சுற்றும்போது வருகிறது' என்று பாருங்கள்.

முதலில் அந்த ஊளை. இந்த மாடலின் கியர்களை நகர்த்தித்தான் கோர்க்க வேண்டும். பற்கள் நேராக வெட்டியவை. நேர்ப்பல் கியர் கொஞ்சம் ஊளையிடத்தான் செய்யும், புதிதாக வந்தபோதும் இட்டிருக்கும். அது திடீரென்று கூடாதவரை விட்டுவிடலாம். நம் கவனம் டொக் டொக்கில்தான்.

ட்ராக்டருக்கு அடியில் படுப்பதற்கு முன், பின் சக்கரத்தின் ரிம்மையும் நடுத் தட்டையும் இணைக்கும் போல்ட்டுகளை ஸ்பேனர் வைத்து இறுக்கிப் பாருங்கள். சிரிக்க வேண்டாம். ஒரு முறை அரை நாள் முழுக்க ஒரு கியர் பாக்ஸின் மேல் காதை வைத்துக் கேட்டுவிட்டு, கடைசியில் ரிம் போல்ட் ஒன்று தளர்ந்திருந்ததைக் கண்டுபிடித்தவன் நான். மட்கார்டு, கொக்கி, லிங்க் கம்பிகள் எல்லாவற்றையும் ஒரு தடவை ஆட்டிப் பார்த்துவிடுங்கள்.

அடுத்த சோதனைக்கு உங்கள் வண்டியே வசதி செய்து வைத்திருக்கிறது. 35-இல் மூன்று கியருக்குப் பின்னால் ஹை-லோ (வேகம், மெதுவு) என்று தனியாக ஒரு கிரகச்சக்கர அமைப்பு உண்டு, அதாவது நடுக் கியரைச் சுற்றிச் சின்னக் கியர்கள் ஓடும் அமைப்பு. ஹையில் சுழற்சி அப்படியே பின்னால் போகும். லோவில் சுமார் நாலில் ஒரு பங்காகக் குறையும். சமதரையில் முதல் கியரில், இன்ஜின் வேகத்தை மாற்றாமல், ஹையில் ஒரு தடவையும் லோவில் ஒரு தடவையும் ஓட்டுங்கள் (லிவரை மாற்றும்போது வண்டி முழுதாக நின்றிருக்க வேண்டும்). இரண்டிலும் டொக் டொக் ஒரே வேகத்தில் வந்தால் குற்றவாளி கியர் பாக்ஸுக்குள் இருக்கிறது. லோவில் அதுவும் நாலில் ஒரு பங்காக மெதுவானால் கோளாறு பின்னால், கிரவுன் வீல் (பின் ஆக்சிலைச் சுற்றும் பெரிய பல்சக்கரம்), பினியன் (அதை ஓட்டும் சின்னப் பல்சக்கரம்) பக்கம். லோவில் மட்டும் வந்து ஹையில் காணாமல் போனால் அந்தக் கிரகச்சக்கரத்தையே சந்தேகப்படலாம்.

பின்பக்கம் என்று தெரிந்தால் இன்னும் நெருங்கலாம். டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, முதல் லோவில் மெதுவாக நேராக ஓட்டுங்கள். எண்ணுவது உங்கள் வேலை இல்லை. இன்னொருவர் பத்தடி தள்ளி நடந்து எண்ணட்டும். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் சுமார் ஆறு டொக் கேட்டால் பினியன். இந்த மாடலில் சக்கரத்தின் ஒரு சுற்றுக்குப் பினியன் ஆறு சுற்றுக்குக் கொஞ்சம் மேலே சுற்றுகிறது. சுற்றுக்கு ஒரே ஒரு டொக் என்றால் கிரவுன் வீலில் ஒரு பல் உடைந்திருக்கலாம், அல்லது ஆக்சில் பேரிங், அல்லது மேலே சொன்ன ரிம் போல்ட். திரும்பும்போது மட்டும் சத்தம் வந்தால், இரண்டு பின் சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் சின்னக் கியர்கள்.

கியர் பாக்ஸ் பக்கம் என்று வந்தால் மூன்று கியரிலும் ஓட்டிப் பாருங்கள். ஒன்றில் மட்டும் தட்டினால் அந்தக் கியரின் பல். எல்லாவற்றிலும் தட்டினால் எப்போதும் சேர்ந்தே சுற்றும் முன் ஜோடிக் கியர் அல்லது பேரிங்குகள். முன் ஜோடி என்றால் நியூட்ரலில் நிற்கும்போதும் சத்தம் கேட்கும், கிளட்ச்சை மிதித்தால் நின்றுவிடும். கிளட்ச்சை மிதித்தால்தான் சத்தமே ஆரம்பிக்கிறது என்றால் அது ரிலீஸ் பேரிங் (பெடலை மிதிக்கும்போது கிளட்ச்சை அழுத்தி விடுவிக்கும் பேரிங்), கியர் பாக்ஸுக்குச் சம்பந்தமில்லை.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். இந்த வண்டியில் லிஃப்ட்டுக்கான ஹைட்ராலிக் பம்ப், பின்னால் மாட்டும் கருவிகளுக்குச் சுழற்சி கொடுக்கும் பிடிஓ ஷாஃப்ட்டில் ஓடுகிறது. நாலு பிஸ்டன் பம்ப், தேய்ந்தால் அதுவும் தட்டும். பிடிஓ லிவரை நியூட்ரலுக்குத் தள்ளினால் பம்ப் நின்றுவிடும். சத்தமும் நின்றால் வேலை அங்கேதான். இரட்டைக் கிளட்ச் மாடலானால் பெடலைப் பாதி மிதித்தால் சக்கரத்துக்குப் போகும் சக்தி மட்டும் நிற்கும், முழுதாக மிதித்தால்தான் பிடிஓவும் நிற்கும். அதனால் கிளட்ச் சோதனையை இரண்டு படியாகச் செய்யுங்கள்.

சரி, ஆயிலுக்கு வருவோம். கியர் பாக்ஸ், ஹைட்ராலிக், பின் ஆக்சில் எல்லாவற்றுக்கும் ஒரே ஆயில். கெட்டியானதை ஊற்றினால் பல் இடிக்கும் சத்தம் கொஞ்சம் அமுங்கும், உண்மைதான். ஆனால் பம்ப் உறிஞ்சத் திணறும், உடைந்த பல் உடைந்தபடியே இருக்கும். மாறாக, இருக்கிற ஆயிலைப் படிக்க வேண்டும். இரவு முழுக்க நின்ற வண்டியில், காலையில் டிரெயின் பிளக்கைக் கழற்றாமல் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். மூன்று வருடம் நின்ற வண்டியில் தண்ணீர் இறங்கியிருந்தால் முதலில் அதுதான் சொட்டும். கியர் லிவரின் ரப்பர் கிழிந்திருந்தால் அந்த வழியாக மழைநீர் போகும். ஆயில் பால் போல வெளுத்திருந்தாலும் தண்ணீர்தான். ஆயில் மட்டத்துக்கு மேலே இருந்த பேரிங்குகள் துருப்பிடித்துப் பள்ளம் விழுந்திருக்கும். அவை தட்டாது, கொரகொரக்கும்.

பிறகு முழுதாக வடித்து, ஒரு காந்தத்தால் துழாவுங்கள். சாம்பல் நிறத்தில் மசிபோல ஒட்டினால் வயதுக்கேற்ற தேய்மானம். மெல்லிய பளபளச் செதில் பேரிங்கிலிருந்து உரிந்தது. ஒரு பக்கம் சொரசொரப்பாக, தடித்த துண்டு கிடைத்தால் அது பல்லின் துண்டு. அதன்பின் வண்டியை ஸ்டார்ட் செய்யவே வேண்டாம். அந்தத் துண்டு இன்னொரு கியரின் நடுவில் சிக்கினால் செலவு இரட்டிப்பாகும்.

துண்டு எதுவும் கிடைக்காவிட்டாலும், எண்ணிக்கை பினியனைக் காட்டினால் திறக்கத்தான் வேண்டும். அப்போதும் முன்னால் பிரிக்கத் தேவையில்லை. டிப்ஸ்டிக் இருக்கும் பக்க மூடியைக் கழற்றினால் பம்ப் தெரியும். சீட்டுக்கு அடியில் இருக்கும் லிஃப்ட் மூடியைத் தூக்கினால் கிரவுன் வீல் கண்ணுக்கு வரும். கனமான மூடி, ஒருவராகத் தூக்க வேண்டாம். கிரவுன் வீலைக் கையால் மெதுவாகச் சுற்றி, ஒவ்வொரு பல்லாக டார்ச் அடித்துப் பாருங்கள்.