பேப்பர்ல ஏன் பேச்சு வழக்குல, லோக்கல் பாஷைல எழுதுறாங்க?

பேச்சு வழக்குன்னா வாயில வர்ற தமிழ், "ஆட்டையை போட்டான்", "டிமிக்கி கொடுத்தான்" மாதிரி. பேப்பர்ல இது தலைப்புலயும் பேட்டிலயும் தான் அதிகமா வரும்.

காரணம் சிம்பிள், படிக்கிறவங்க யாருங்கறது தான். காட்பாடி, குடியாத்தம் பக்கம் காலைல டீக்கடைல பாருங்க, ஒருத்தர் சத்தமா படிப்பாரு, நாலு பேரு கேட்டுகினு இருப்பாங்க, அங்க இலக்கணத் தமிழ்ல எழுதினா யாருக்கும் ஏறாது. 1942ல மதுரைல தினத்தந்திய ஆரம்பிச்ச சி.பா. ஆதித்தனார் இத நல்லா புரிஞ்சிகினவரு, பேசுற தமிழ்லயே எழுதணும் ஆனா கொச்சைய எடுத்துடணும்ங்கறது அவர் கொள்கை. வீட்ல பனியன் லுங்கியோட இருக்கறவரு கடைக்கு கெளம்பும்போது மேல ஒரு சட்டைய மாட்டிக்கற மாதிரி தான், ஆளு அதே ஆளு.

அதனால தான் நம்ம வேலூர் பக்கத்து "வந்துகினு இருந்தான்" வேலூர் பதிப்புல கூட "வந்து கொண்டிருந்தார்"னு மாறிடும், திருநெல்வேலிக்காரருக்கும் புரியணும்ல. ஒருத்தர் பேசினத அப்படியே போடணும்னா மேற்கோள் குறிக்குள்ள போட்டா போதும். தினமலர் டீக்கடை பெஞ்சு மாதிரி பகுதில மட்டும் பேச்சு கொஞ்சம் தாராளமா வரும்.

நிறைய பேரு நிருபருக்கு நல்ல தமிழ் தெரியாததால தான் இப்படி எழுதுறாங்கன்னு நெனைக்கிறாங்க, அது தப்பு, தலைப்பு "ஆட்டைய"னு இருந்தாலும் உள்ள "போலீசார் வழக்குப்பதிவு செய்து விசாரித்து வருகின்றனர்"னு தான் இருக்கும்.