பாட்காஸ்ட் விருந்தினரோடு பழகுவது: கேள்வி பதில்

கேள்வி: விருந்தினருக்குக் கேள்விகளை முன்கூட்டியே அனுப்பினால் மனப்பாடம் செய்துவந்து ஒப்பிக்கிறார்கள். அனுப்பாவிட்டால் பதறுகிறார்கள். என்ன செய்வது?

பதில்: நாலைந்து தலைப்புகளை மட்டும் அனுப்புங்கள். பதிவுக்கு ஓரிரு நாள் முன்னால் பதினைந்து நிமிடம் போனில் பேசுங்கள். நல்ல கதை ஏதாவது சொல்ல ஆரம்பித்தால், "இதைப் பதிவில் முதல்முறையாகக் கேட்கிறேனே" என்று நிறுத்திவிடுங்கள். இல்லையென்றால் பதிவில் "அன்றைக்கே சொன்னேனே" என்று சுருக்கிவிடுவார்கள்.

அந்தப் பேச்சில் நான் தவறாமல் கேட்பது, "எதைப் பற்றிக் கேட்கக் கூடாது?" ஒருவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அண்ணன் இறந்தது மட்டும் வேண்டாம்" என்றார். சரி என்றேன். பதிவில் நான் அந்தப் பக்கமே போகவில்லை. நாற்பது நிமிடம் கழித்து அவரே அண்ணனின் சைக்கிளைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். நான் குறுக்கே எதுவும் கேட்கவில்லை. முடிந்ததும், "இந்தப் பகுதி இருக்கட்டுமா, எடுத்துவிடட்டுமா?" என்றேன். மறுநாள் போன் செய்து, இருக்கட்டும் என்றார்.

கேள்வி: வெளியிடுவதற்கு முன் எபிசோடைக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்கிறார் விருந்தினர் ஒருவர். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்கலாம். ஆனால் எதையெல்லாம் மாற்றுவீர்கள் என்பதைப் பதிவுக்கு முன்பே பேசிவிடுங்கள். தகவல் பிழையையும், வீட்டாரைப் புண்படுத்தும் வரியையும் நான் மறுபேச்சில்லாமல் எடுத்துவிடுவேன்.

கேள்வி: ஆன்லைன் பதிவில் விருந்தினரின் பாதிப் பேச்சு போய்விட்டது. மறுபடி கூப்பிடக் கூச்சமாக இருக்கிறது.

பதில்: அன்றைக்கே போன் செய்யுங்கள், மெசேஜ் வேண்டாம். தவறு உங்களுடையது என்று சொல்லி, விட்டுப்போன பகுதிக்கு மட்டும் நேரம் கேளுங்கள். இனிமேல் இரு பக்கமும் அவரவர் கணினியிலேயே தனித்தனியாகப் பதிவாகும்படி வையுங்கள். நெட் திக்கினாலும் குரல் கெடாது. பிரவுசர் வழியாகப் பதிவு செய்தால், அவர் பக்கத்துப் பதிவு அப்லோடு ஆகி முடியும்வரை விருந்தினர் பிரவுசரை மூடக் கூடாது. அந்த இரண்டு மூன்று நிமிடம் சும்மா பேசிக்கொண்டிருங்கள். பழக்கம் நட்பாவது பெரும்பாலும் அப்போதுதான்.

கேள்வி: எபிசோடு வந்ததும் தொடர்பு அறுந்துவிடுகிறது.

பதில்: "லிங்க் இதோ, ஷேர் பண்ணுங்க" என்று மட்டும் அனுப்பினால் அறுந்துதான் போகும். "23-வது நிமிடத்தில் நீங்கள் சொன்னதை எடிட் செய்யும்போது மூன்று முறை கேட்டேன்" என்று எழுதிப் பாருங்கள். அப்புறம், நேயர்கள் அவருக்காக எழுதும் கடிதங்கள் உங்கள் இன்பாக்ஸிலேயே கிடக்கும். அவற்றை அவருக்கு அனுப்பிவையுங்கள், ஆறு மாதம் கழித்து வந்தாலும் சரி.