லேபர் வார்டில் ஆண் மாணவர்கள்: கேள்வி பதில்

இறுதியாண்டு மாணவர்: மேடம், ஆண் என்றதுமே பி.வி. (பிறப்புறுப்பில் விரல் விட்டுச் செய்யும் பரிசோதனை) வேண்டாம் என்கிறார்கள் பேஷன்டுகள். உடன் படிக்கும் பெண்களுக்கு லாக் புக் (செய்த பரிசோதனைகளுக்குக் கையெழுத்து வாங்கும் பதிவேடு) நிரம்பிவிட்டது. என்ன செய்வது?

எப்போது, யார் கேட்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். டேபிளில் காலை மடக்கிப் படுத்தபின் ஐந்து பேர் சுற்றி நின்று கேட்டால் யார்தான் சம்மதிப்பார்? பேஷன்ட் உட்கார்ந்திருக்கும்போதே, நீங்கள் பக்கத்தில் இல்லாமல், யூனிட் டாக்டர் கேட்கட்டும்: "நான் பார்த்தபிறகு ஒரு மாணவரும் பார்ப்பார். வேணாம்னா சொல்லுங்கம்மா, வைத்தியத்துல எதுவும் மாறாது." சம்மதித்தால் சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லுங்கள். திரை இருக்க வேண்டும், ஒரு சிஸ்டர் கூடவே நிற்க வேண்டும். ஒரு பேஷன்டுக்கு ஒரு மாணவர்தான். நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை எப்படியும் பார்க்கவேண்டிய பி.வி.யோடு சேர்த்துக்கொள்ளுங்கள்; உங்களுக்காகத் தனியாக இன்னொன்று கூடாது.

மறுத்தால் வயிற்றைத் தொட்டுப் பாருங்கள். குழந்தையின் தலை ஐந்தில் எத்தனை பங்கு இடுப்பெலும்புக்கு மேலே தட்டுப்படுகிறது, முதுகு எந்தப் பக்கம், வலி பத்து நிமிடத்தில் எத்தனை தடவை: பிரசவம் நகர்கிறதா என்பது பாதி இதிலேயே தெரியும்.

ஹவுஸ் சர்ஜன் (பயிற்சி டாக்டர்): ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுத்தபின் பி.வி. செய்து பழகலாமா?

முன்னாலேயே அதற்கென்று சம்மதம் வாங்காமல் கூடவே கூடாது. கலிபோர்னியாவில் 2003லேயே சட்டம் போட்டுத் தடுத்தார்கள்.

ஹவுஸ் சர்ஜன் (பெண்): எங்களுக்குச் சலுகை என்கிறார்கள். பேஷன்டுகள் 'சிஸ்டர்' என்றுதான் கூப்பிடுகிறார்கள், எல்லா பி.வி.யும் எங்கள் தலையில், சரியா என்று சொல்ல ஆளில்லை.

முதல் மாணவர்: அதுகூட எங்களுக்குக் கிடைக்கவில்லையே!

இருவர் சொல்வதும் உண்மை. ஆனால் ஐம்பது கையெழுத்து வாங்கினாலும் சரிபார்க்காத விரல் கற்றுக்கொள்ளாது. கர்ப்பப்பை வாய் நாலு சென்டிமீட்டர் திறந்திருக்கிறது என்பீர்கள், சீனியர் ஏழு என்பார். அவர் சொல்லும் முன் எத்தனை சென்டிமீட்டர், வாய் எவ்வளவு மெலிந்திருக்கிறது, தலை எந்த ஸ்டேஷன் (இடுப்புக்குள் எவ்வளவு இறங்கியிருக்கிறது) என்று எழுதிவையுங்கள், பிறகு ஒப்பிடுங்கள். ஆணுக்கென்று லாக் புக் எண்ணிக்கையைக் குறைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. நாளை பி.எச்.சி.யில் (ஆரம்ப சுகாதார நிலையத்தில்) தனியாக நிற்கப்போவது அவரும்தான்.

இன்னொருவர்: போக்சோ (குழந்தைகள் மீதான பாலியல் குற்றச் சட்டம்) கேஸில் ஆண் டாக்டர் பரிசோதிக்கலாமா?

சிறுமி என்றால் பெண் டாக்டர்தான் பரிசோதிக்க வேண்டும், அந்தச் சட்டத்தின் பிரிவு 27. மீதியைத் தடயவியல் துறையில் கேளுங்கள்.

மற்றொருவர்: ஆண் மாணவருக்கு பி.வி. கிடைக்க வழி?

மேலே படியுங்கள். கூடவே எல்லோருக்கும் ஒன்று: ரத்தப்போக்கோடு வந்தால், பிளசென்டா (நஞ்சு) கர்ப்பப்பை வாய்ப்பக்கம் கீழே இல்லை என்று ஸ்கேனில் தெரியும்வரை யாரும் விரல் வைக்காதீர்கள். பனிக்குடம் உடைந்து வலி வராதவரிடமும் பழகிப் பார்க்காதீர்கள், தொற்று ஏறும்.